வினைமுற்று

அத்தியாயம் 14

ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லால் ஒரு வீட்டின் அடுப்பை அணைத்துவிட முடியுமா? முடியும் என்றுதான் பதின்மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டு வருகிறோம். நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஒருவன். எட்டு வருஷம் டாக்சி ஓட்டிவிட்டு ஸ்ட்ரெச்சருக்கு வந்தவன் என்பதால் வீட்டில் அவனுக்குச் 'சக்கரம்' என்று பெயர். ஒருநாள் மதியம், இடுப்பெலும்பு முறிந்த ஒரு ஓய்வுபெற்ற தபால்காரரை அவன் ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோனான். மூன்று நாள் கழித்துத் தபால்காரர் இறந்துபோனார். இடுப்பு வலியால் அல்ல, தலைக்குள் ரத்தக் கசிவால். இடுப்புக்காக வந்தவருக்குத் தலையில் எப்படி அடிபட்டது என்று அவர் மகள் கேட்டாள். பதிவேட்டைப் புரட்டினார்கள். சக்கரத்தின் கையெழுத்தில், ஆங்கிலத்தில், ஒரு வரி கிடந்தது.

'பேஷண்ட் டிராப்டு நியர் ஸ்கேன். 4.10.'

விசாரணை நடப்பது தமிழில். ஆகவே மருத்துவமனை அந்த வரியைத் தமிழாக்கிக் கொடுத்தது: 'நோயாளியை ஸ்கேன் அறை அருகே கீழே போட்டேன்.' சக்கரத்தின் அக்கா, உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளர், அதே வரியைத் தமிழாக்கித் தன் முத்திரையையும் குத்திக் கொடுத்தாள்: 'நோயாளியை ஸ்கேன் அறை அருகே இறக்கி விட்டேன்.'

முதல் தமிழுக்குச் சிறை. இரண்டாவது தமிழுக்கு வீடு. இன்று பதினோரு மணிக்கு இரண்டில் ஒன்று.

காலை ஏழு மணிக்கு அக்கா குளித்து முடித்து, ஈரத் தலையோடு மேசை முன் உட்கார்ந்திருந்தாள். மேசையில் இரண்டு அகராதிகள், ஒரு பென்சில், முத்திரை வைத்த தகர டப்பா. வீட்டில் அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'அகராதி.' தொழிலை வைத்து வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். வாய்த் துடுக்கை வைத்து வந்தது என்று வீட்டாருக்குத் தெரியும்.

"டிராப்னா துளி," என்றாள், யாரையும் பார்க்காமல். "சொட்டு. விழுதல். விலை இறங்குதல். வழக்கைக் கைவிடுதல். ஆளை இறக்கி விடுதல். படிப்பைப் பாதியில நிறுத்தினா டிராப் அவுட்."

"அது நான்," என்றான் தம்பி கதவோரத்திலிருந்து. சிரிக்க முயன்றான். முகம் ஒத்துழைக்கவில்லை.

"நீதான். பத்தாவதுல கணக்குப் பரீட்சையன்னைக்கு சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போனவன் நேரா டாக்சி ஸ்டாண்டுல போய் நின்னே."

அவன் மனைவி அடுப்படியில் அவனுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது மாதக் குழந்தை பாயில் தவழ்ந்து அகராதியின் காலைப் பிடித்தது. தம்பி மனைவியும் அதே மருத்துவமனையில்தான் வேலை பார்க்கிறாள். நர்ஸ். பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி நாலு மாதம் ஆகிறது. சட்டையின் காலரை அவள் மூன்றாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்மா, துணி கருகிடும்," என்றாள் அகராதி.

"சரி அண்ணி." ஆனால் கை நிற்கவில்லை.

அவள் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை அகராதி கவனித்திருந்தாள். புருஷன் மேல் இருக்கிற கவலை என்று எடுத்துக்கொண்டாள். வேறென்னவாக இருக்க முடியும்?

"இங்க பாருடா," என்று தம்பியைக் கூப்பிட்டாள். "உன்னை என்ன கேட்டாலும் ஒரே பதில். டாக்சியில எட்டு வருஷம் டிரிப் ஷீட் எழுதினேன். ஏத்தின இடம் பிக்கப், இறக்கின இடம் டிராப். அந்தப் பழக்கத்துல எழுதிட்டேன். அவ்வளவுதான். கதை அளக்காதே. பயந்து உளறாதே."

"ம்."

"ம் இல்ல. சொல்லு."

"டாக்சி பழக்கத்துல எழுதிட்டேன்." பாடம் ஒப்பிக்கிற குரல்.

அந்தச் சொல்லை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். டாக்சியில் சேர்ந்த முதல் நாள், டிரிப் ஷீட்டை எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, தலையும் புரியல வாலும் புரியல," என்று நின்றான். இதே மேசையில் உட்கார வைத்து எழுத்தெழுத்தாக எழுதிக் காட்டினாள். இறக்கி விட்டா டிராப். நாலே எழுத்து, மறக்காதே. அம்மா போன பிறகு அவனுக்கு அவள் செய்த எத்தனையோ காரியங்களில் அது ஒரு சின்னக் காரியம். அது இப்படித் திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டார்கள்?

அதனால்தான் அவள் போன வாரம் ஒரு மனு போட்டாள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசாதீர்கள், மூன்று மாதப் பதிவேட்டையும் கொண்டுவாருங்கள், இவன் எல்லா இடத்திலும் டிராப் என்றுதான் எழுதுவான், பாருங்கள் என்று கேட்டாள். மருத்துவமனை வக்கீல் முறைத்தார். விசாரணை அதிகாரி சரி என்றார். அந்தப் பதிவேடு இன்று வருகிறது. அதுதான் அவளுடைய துருப்புச் சீட்டு.

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேரும் கிளம்பினார்கள்.

விசாரணை நடக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு நீளமான நடை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு நாற்காலிக்கு மூன்று கால்தான், அதில் யாரோ 'உட்காராதீர்' என்று அட்டை ஒட்டியிருந்தார்கள். கோடியில் தபால்காரரின் மகள் தனியாக உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். மருந்துக்கடையில் வேலை. கடைக் கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தாள், பையில் பேனா, கத்தரிக்கோல் எல்லாம் இருந்தன. இவர்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நேராகப் பார்த்தாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பத்து மணிக்கு மருத்துவமனை எழுத்தர் ஒரு கட்டு நகலைக் கொண்டுவந்து அகராதியின் மடியில் வைத்தார்.

"நீங்க கேட்ட மூணு மாசமும் இருக்கு. எண்ணிக்குங்க, அப்புறம் பக்கம் குறையுதுன்னு எங்களைச் சொல்லாதீங்க."

அவள் பென்சிலை எடுத்தாள். முதல் பக்கத்திலேயே மனம் லேசாகிவிட்டது. 'டிராப், எக்ஸ்ரே, 9.40.' அடிக்கோடு போட்டாள். 'டிராப், வார்டு மூணு, 10.15.' 'டிராப், ஸ்கேன், 11.05.' அடிக்கோடு, அடிக்கோடு. இறக்கின இடம், மணி. அசல் டிரிப் ஷீட். மருத்துவமனையையே டாக்சி ஸ்டாண்டாக மாற்றி வைத்திருக்கிறான் பாவி என்று அவளுக்குச் சிரிப்பே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவியிடம் காட்டினாள்.

"பாரும்மா. எல்லாம் டிராப். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அவள் பக்கத்தைப் பார்க்காமலே தலையாட்டினாள்.

இருபது பக்கம் தாண்டியது. முப்பது தாண்டியது. பென்சில் தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவானது. பிறகு நின்றது.

அகராதி திரும்ப முதல் பக்கத்துக்குப் போனாள். இந்த முறை அர்த்தத்தைப் பார்க்கவில்லை. எழுத்தைப் பார்த்தாள்.

எல்லா இடத்திலும் 'டிராப்'. வெறும் டிராப். ஒரு இடத்தில்கூட 'டிராப்டு' இல்லை. எட்டு வருஷப் பழக்கத்தில் எழுதுகிறவன் இறந்தகாலத்துக்கு ஏன் போக வேண்டும்? 'பேஷண்ட்' என்ற சொல்லும் வேறெங்கும் கிடையாது. டிரிப் ஷீட்டில் பயணி என்று யாராவது எழுதுவார்களா? 'நியர்' கிடையாது. ஸ்கேன் என்றால் ஸ்கேன், எக்ஸ்ரே என்றால் எக்ஸ்ரே. மூன்று மாதத்தில், நூற்றுக்கணக்கான வரிகளில், ஒரே ஒரு வரிதான் வாக்கியமாக இருந்தது. தபால்காரரின் வரி.

பழக்கத்தில் எழுதியது அல்ல அது. யோசித்து எழுதியது.

இருபது வருஷமாக மற்றவர்களின் வாக்கியங்களைப் பிரித்துப் பார்த்துச் சம்பாதித்த பெண் அவள். பிறப்புச் சான்றிதழ், விவாகரத்துத் தீர்ப்பு, பிரேதப் பரிசோதனை அறிக்கை என்று எதையும் விட்டதில்லை. ஒரு எழுத்து மாறினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. இந்த ஒரு வரி மட்டும் பதின்மூன்று வாரமாகத் தப்பியிருக்கிறது. தப்பவில்லை, அவள்தான் பார்க்க மறுத்திருக்கிறாள்.

"எந்திரிடா," என்றாள் தம்பியிடம். "படிக்கட்டுப் பக்கம் வா."

மாடிப்படித் திருப்பத்தில் ஒரு உடைந்த மேசை மல்லாந்து கிடந்தது. அவள் நகலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுல 'டு' எங்கேருந்து வந்துச்சு?"

"எதுல?"

"நடிக்காதே. எல்லா வரியிலயும் டிராப்னு எழுதினவன் இங்க மட்டும் டிராப்டுன்னு ஏன் எழுதினே?"

அவன் காகிதத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவ்வளவு நாளாகத் தூக்கிச் சுமந்ததை எங்கேயாவது வைத்தால் போதும் என்று இருந்திருக்க வேண்டும். படியில் உட்கார்ந்துவிட்டான்.

"உனக்குத் தெரிஞ்சிடும்னு எனக்குத் தெரியும்க்கா."

"சொல்லு."

"ஸ்கேன் மேசைக்கு மாத்தணும். நாலு பேர் வேணும்னு சுவத்துலயே எழுதிப் போட்டிருக்கு. ரூம்ல ஒருத்தனும் இல்ல, டீ குடிக்கப் போயிட்டானுங்க. அவர் வலியில துடிக்கிறார். சீக்கிரம் முடிச்சு விடுப்பான்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். சரின்னு போர்வையோட, ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொல்லித் தூக்கினோம். தலைப்பக்கம் போர்வை நழுவிடுச்சு. கீழ போட்டுட்டோம்க்கா. தரை டைல்ஸ். அந்தச் சத்தம் இருக்கே..."

அவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

"அப்புறம்?"

"திரும்பத் தூக்கி வச்சோம்... வச்சேன். ரத்தம் எதுவும் வரல. அவரே ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, யார்கிட்டயும் சொல்லாதீங்க, வேலை போயிடும்னார். வழக்கம் போல ஸ்கேன் எடுத்தாங்க. இடுப்பை மட்டும்தான் எடுத்தாங்க."

"மூணு நாள் இருந்துச்சேடா. மூணு முழு நாள். சொல்லியிருந்தா தலையையும் பாத்திருப்பாங்களே!"

"ரெண்டு தடவை பெரிய டாக்டர் ரூம் வாசல் வரைக்கும் போனேன். கால் வரல." அவன் மூக்கை உறிஞ்சினான். "வாயால சொல்ல முடியல. எழுதாமலும் இருக்க முடியல. தமிழ்ல எழுதினா அன்னைக்கே மாட்டிக்குவேன். அதான் அந்த வார்த்தையைப் போட்டேன். அதுக்கு ரெண்டு அர்த்தம்னு எனக்கும் தெரியும்க்கா. நான் டிராப் அவுட்தான், முட்டாள் இல்ல."

அகராதி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் கோபத்துக்குள் வேறொன்று முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அவள் அதை வெளியே எடுத்தாள்.

"தூக்கினோம்னு சொன்னே."

"தூக்கினேன்."

"இல்ல. தூக்கினோம், போட்டுட்டோம், வச்சோம். வச்சோம்ல வந்துதான் திருத்தினே. ஒண்ணு ரெண்டு மூணுன்னு யாருக்கு எண்ணினே? தனியாத் தூக்கறவன் எதுக்கு எண்ணணும்?"

படியில் இருந்த சுண்ணாம்புப் பொருக்கை நகத்தால் சுரண்டினான்.

"யாருடா?"

"பால் குடிக்கிற பிள்ளை இருக்குக்கா," என்றான். "ரெண்டு பேருல ஒருத்தராவது வீட்டுல இருக்கணும்."

மேலே யாரோ கதவைத் திறந்து, அவர்களுடைய வழக்கு எண்ணைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள்.

தம்பி எழுந்து அவள் கையைப் பிடித்தான். "நீ வச்ச முத்திரையை அப்படியே வச்சிடு. இறக்கி விட்டேன்னே இருக்கட்டும். இல்லேன்னா என்னை மட்டும் சொல்லு. வேற எதையும் சொல்லிடாதே. உன் கால்ல விழுறேன்."

விசாரணை அறையில் அதிகாரிக்குக் கடும் ஜலதோஷம். ஒவ்வொரு கேள்விக்கும் முன் கைக்குட்டையை எடுத்தார். பக்கத்தில் தட்டச்சு செய்யும் பெண் கணினிக்கு முன் விரல்களை வைத்துக் காத்திருந்தாள். அதிகாரி முதலில் தபால்காரரின் மகளைப் பேசச் சொன்னார்.

அவள் எழுந்து நின்றாள். "நான் மருந்துக்கடையில இருக்கேன் சார். தினம் அம்பது பாட்டில்ல டிராப்ஸ்னு படிக்கிறேன். கண்ணுக்கு ரெண்டு டிராப், காதுக்கு மூணு டிராப். அது என்ன வார்த்தைன்னு இவங்க அகராதி பாத்துச் சொல்றாங்க. எனக்கு அகராதி வேணாம். டிராப்னா மேலேருந்து கீழ வர்றது. எங்கப்பா சொட்டு மருந்து இல்ல சார். எழுபது கிலோ. விழுந்தா உடைஞ்சுதான் போவார்."

அவள் உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, எதற்கென்று தெரியாமல் திரும்பப் பையில் வைத்தாள்.

"அடுத்து நீங்க," என்றார் அதிகாரி அகராதியிடம். "பதிவேட்டை வச்சு நிரூபிக்கிறேன்னு சொன்னீங்க. நிரூபிங்க."

மருத்துவமனை வக்கீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்தப் பெண்மணி தம்பிக்காகக் கடலையே தமிழாக்குவாள் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

அகராதி எழுந்தாள். அடிக்கோடு போட்ட நகல் கையில் இருந்தது. இப்போது அதை நீட்டினால் போதும். எல்லாம் டிராப் சார், பாருங்கள் என்று சொன்னால் போதும். இந்த அறையில் யாருக்கும் 'டு' கண்ணில் படாது. ஜலதோஷக்காரர் நூறு பக்கத்தைப் புரட்டப் போவதில்லை. தம்பி வீட்டுக்கு வருவான். இன்று மாலையே அடுப்பு எரியும்.

அவள் தபால்காரரின் மகளைப் பார்த்தாள். அவள் போட்டிருந்த கடைக் கோட்டைப் பார்த்தாள். வேலைக்கு நடுவில் எழுந்து ஓடிவந்து, அப்பா எப்படிச் செத்தார் என்று பதின்மூன்று வாரமாக ஒரே கேள்வியைக் கேட்கிறவள். அகராதி தன் முத்திரையைக் குத்தி அந்தப் பெண்ணைப் பைத்தியக்காரி ஆக்கப் பார்த்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. இவ்வளவு வெட்கத்தை அவள் வாழ்நாளில் அனுபவித்ததில்லை.

"நான் கொடுத்த மொழிபெயர்ப்பு தப்பு சார்," என்றாள். "அதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

வக்கீலின் நாற்காலி நிமிர்ந்தது.

"என்ன சொல்றீங்க?"

"மூணு மாசப் பதிவேட்டுல என் தம்பி ஆளை இறக்கி விட்டப்ப எல்லாம் டிராப்னுதான் எழுதியிருக்கான். இந்த ஒரு வரியில மட்டும்தான் டிராப்டு. இது இறக்கி விட்டது இல்ல சார். இது கீழ விழுந்தது."

அதிகாரி கைக்குட்டையை மடித்து மேசையில் வைத்தார். "தெரிஞ்சுதான் பேசறீங்களா? முதல்ல சத்தியம் பண்ணிக் கொடுத்த காகிதம் இருக்கு. உங்க உரிமத்தைப் பத்தி நான் எழுத வேண்டி வரும்."

"எழுதுங்க."

"சரி. திருத்தின தமிழைச் சொல்லுங்க. இந்தம்மா தட்டச்சு பண்ணிக்குவாங்க."

"நோயாளியை," என்றாள் அகராதி. விசைகள் தட்டின. "ஸ்கேன் அறை அருகே. கீழே..."

நின்றாள்.

பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. வினைமுற்று. செயல் முடிந்ததைச் சொல்லும் சொல். தமிழில் அது ஆளைக் காட்டாமல் முடியாது. போட்டேன் என்றால் நான். போட்டான் என்றால் அவன். போட்டாள் என்றால் அவள். போட்டோம் என்றால் நாங்கள். ஆங்கிலத்துக்கு அந்தக் கவலையே இல்லை. டிராப்டு. அவ்வளவுதான். யார் என்று கேட்காது. படிப்பை விட்டவன் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, அதற்குள் தன் மனைவியைக் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறான்.

'போடப்பட்டார்' என்று சொல்லலாம். அரசாங்கத் தமிழ். அவள் ஆயிரம் தடவை எழுதிய தமிழ். ஆனால் இந்த அதிகாரி அதை விடமாட்டார், யாரால் என்று அடுத்த மூச்சில் கேட்பார்.

தட்டச்சுப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "மேடம், போட்டேனா? போட்டாரா?"

அகராதி பின்வரிசையைப் பார்த்தாள். தம்பி இரண்டு கைகளையும் கூப்பியிருந்தான், யாருக்கும் தெரியாமல், தொடைகளுக்கு நடுவில். அவன் மனைவி நிமிரவே இல்லை. தன் உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்து, யாருடைய கைகளையோ பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரமாகிவிட்டது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரம். ரவிக்கையின் ஒரு பக்கம் நனைந்திருந்தது. சேலையை இழுத்து மூடிக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"போட்டேன்," என்றாள் அகராதி. "'கீழே போட்டேன்'னு முடிச்சுக்குங்க."

விசைகள் தட்டி ஓய்ந்தன.

பொய்யான ஒரு தமிழைத் திருப்பி வாங்கிய அதே வாயால், தெரிந்தே இன்னொரு பொய்த் தமிழைக் கொடுத்துவிட்டாள். 'ஓம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏன்'. ஒரே ஒரு விகுதி. இருபது வருஷத் தொழிலில் அவள் அறிந்து செய்த முதல் பிழை.

அதிகாரி சக்கரத்தைக் கூப்பிட்டார். "இது சரிதானா?"

"சரிதான் சார். நான்தான். நான் மட்டும்தான்."

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறான் மடையன் என்று அகராதிக்குப் பதறியது. அதிகாரி தும்மினார். அந்தத் தும்மலில் 'மட்டும்' என்ற சொல் அடித்துக்கொண்டு போய்விட்டது.

"போலீசுக்கு இன்னைக்கே அனுப்பிடறேன். அவங்க கூப்பிடற வரைக்கும் ஊரை விட்டு எங்கேயும் போகக் கூடாது. வேலையிலேருந்து நிறுத்தி வைக்கச் சொல்லி மருத்துவமனைக்கும் எழுதறேன். உங்க முத்திரையை இங்கேயே கொடுத்துட்டுப் போங்கம்மா."

அவள் தகர டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

வெளியே வந்ததும் தம்பி அவள் தோளில் நெற்றியை வைத்து அழுதான். நன்றி சொல்கிறானா, மன்னிப்புக் கேட்கிறானா என்று பிரிக்க முடியவில்லை. அவன் மனைவி இரண்டடி தள்ளி நின்றாள்.

"நீ பிள்ளைகிட்ட போம்மா," என்றாள் அகராதி. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "இவனையும் கூட்டிக்கிட்டுப் போ. நான் கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன்."

"அண்ணி, நான்..."

"போன்னு சொன்னேன்ல."

இருவரும் படியிறங்கும் சத்தம் கேட்டது. அகராதி நாற்காலியைத் தேடி உட்காரப் போனாள். மூன்று கால் நாற்காலி. அட்டையைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டாள்.

"ஒரு நிமிஷம்."

தபால்காரரின் மகள். கடைக் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு அருகில் வந்தாள். திட்டப் போகிறாள் என்று அகராதி தயாராக நின்றாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"சொந்தத் தம்பியைக் காட்டிக் கொடுத்தீங்க," என்றாள் அவள். "உங்க இடத்துல நான் இருந்தா செஞ்சிருக்க மாட்டேன். அதைச் சொல்லணும்னுதான் வந்தேன்."

அகராதி நகலை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணும் கேக்கணும். நீங்க மொழி தெரிஞ்சவங்க, அதனால கேக்கறேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆஸ்பத்திரியில கடைசி நாள் எங்கப்பாவுக்குப் பேச்சு குழற ஆரம்பிச்சிடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் தெளிவாச் சொன்னார். 'பாவம், அவங்களை ஒண்ணும் சொல்லிடாதேம்மா.' யாரைன்னு கேட்டேன். கண்ணை மூடிட்டார். இவ்வளவு நாளா டாக்டருங்களைச் சொல்றார்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் புரிஞ்சுது, தன்னைக் கீழ போட்டவங்களைத்தான் சொல்லியிருக்கார்."

"ம்."

"ஆனா ஒரு விஷயம் இடிக்குது. எங்கப்பா முப்பது வருஷம் வீடு வீடா லெட்டர் கொடுத்தவர். ஆம்பளைன்னா அவருக்கு எல்லாரும் அவன்தான். எவ்வளவு பெரிய ஆபீசரா இருந்தாலும் அவன்தான். உங்க தம்பி ஒருத்தன்தான்னா, 'அவனை'ன்னு இல்ல சொல்லியிருப்பார்?"

கீழே, தெருவில், பஸ் ஹாரன் அடித்தது. அகராதி ஜன்னல் பக்கம் பார்த்தாள். தம்பி முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவன் மனைவி நடைபாதையிலேயே நின்று, நிமிர்ந்து, இந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க," என்றாள் தபால்காரரின் மகள். "அவங்கன்னா ஒரு பொம்பளையா, இல்ல ரெண்டு பேரா?"

எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் வைத்திருக்கிறவள், இந்தச் சொல்லுக்கும் வைத்திருந்தாள். முத்திரை மட்டும் கையில் இல்லை.